ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்த ஆந்தை

அத்தியாயம் 3

"ஆந்தையைக் காணோம்னு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு" என்றார் மாட்டு டாக்டர்.

நான் நோட்டைத் திறந்தேன். "அடையாளம் சொல்லுங்க சார். வட்ட முகம், பெரிய கண்ணு, பகல்ல தூங்கும், அதானே? எங்க வீட்டு ஓனரும் அப்படித்தான்."

"மாப்பிள்ளை" என்றார் அத்தை. ஒரே ஒரு சொல்தான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அத்தை என்றால் என் மாமியார். சரியாகச் சொன்னால் முன்னாள் மாமியார். அவருடைய மகள் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடல் தாண்டிப் போய் நாலு வருடம் ஆகிறது. விவாகரத்துப் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள், நான் போட்டேன். அத்தையிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. அதனால் அவர் கணக்கில் நான் இன்னும் மாப்பிள்ளைதான். திட்டுவதைக்கூட 'வாங்க, போங்க' மரியாதையோடுதான் திட்டுவார். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் பொய்யாக நஷ்டஈடு கேட்டவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர், ஓய்வு பெற்ற மறுநாளே மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் ஓர் அறை எடுத்து, 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டினார். வேலை போய், வீடு போய், பெண்டாட்டியும் போய் நான் நின்ற சமயம் அது. "வண்டி ஓட்டத் தெரியுமில்ல? வாங்க" என்றார். வந்தேன். இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் ஒரு தபால் அட்டையை மேஜைமேல் வைத்தார். அவர் மேல் பினாயில் வாடை அடித்தது. ஊர் ஆந்தைகளுக்கு அவர்தான் தலைவர். ஊருக்கு வெளியே பழைய தானியக் கிடங்கு ஒன்று இருக்கிறது. அதில் பதினெட்டு மரக்கூண்டுகள், ஊருக்குள் அங்கங்கே இன்னும் நாலு. ஒவ்வொரு கூண்டையும் பத்துப் பேர் சேர்ந்து தத்தெடுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரு டீ விலை. பதிலுக்கு மாதம் ஒரு கடிதம் வரும், கையால் எழுதியது. 'உங்கள் ஆந்தை நலம்' என்று.

"எழுதறவங்க யாருன்னு கட்டறவங்களுக்குத் தெரியாது. கட்டறவங்க யாருன்னு எழுதறவங்களுக்குத் தெரியாது. ரெண்டு பக்கமும் நம்பர்தான்" என்றார்.

"ஏன், அவ்வளவு ரகசியமா?"

"முதல் வருஷம் பேர் குடுத்தோம். ஒருத்தர் காலங்காத்தால அஞ்சு மணிக்குப் போய்க் கதவைத் தட்டி, என் ஆந்தை தூங்கிடுச்சான்னு கேட்டார்."

அத்தை தபால் அட்டையை உரக்கப் படித்தார்.

"ஏழாம் எண் கூண்டு காலி. போன வருடத்துக்கு முந்தின வருடம், மழை விட்ட பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமையிலிருந்து காலி. அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் எல்லாம் பொய். எழுதுவது யார் என்று கண்டுபிடிக்கவும்."

"ஏழுக்கு யார் எழுதறது?"

"ஒரு பேங்க் கேஷியர். அட்டை வந்ததும் நேரா பேங்க்குக்குப் போனேன். அவர் மாத்தலாகிப் போய் மூணு வருஷம் ஆச்சாம்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "மூணு வருஷமா உங்களுக்குத் தெரியாதா?"

"க்ளினிக் வாசல்ல நம்பர் போட்டு ஒரு தட்டு இருக்கு தம்பி. கடிதம் கிடந்தா நகல் எடுத்துட்டு அனுப்பிடுவேன். ஏழு ஒரு நாள்கூட லேட் ஆனதில்ல. லேட் பண்றவங்களைத் திட்டவே எனக்கு நேரம் பத்தல, ஒழுங்கா வர்றதை எங்க பாக்கறது?"

"கூண்டைத் திறந்து பாக்கலாமே?" என்றார் அத்தை.

"தொந்தரவு பண்ணக் கூடாதும்மா. மூணு வருஷத்துக்கு ஒரு தடவைதான் திறப்போம். இந்த முறை திறக்கப் போறோம்னு ரெண்டு மாசம் முன்னாடியே தட்டு மேல நோட்டீஸ் ஒட்டியிருக்கேன்." அவர் தொண்டையைச் செருமினார். "நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமை ஆண்டுக் கூட்டம். கடுதாசி உண்மைன்னா நானே எழுந்து சொல்லணும். யார் எழுதினதுன்னு பேரையும் சொல்லணும். சொன்னா பாதிப் பேர் நின்னுடுவாங்க. கிடங்கு வாடகை அவங்க டீக்காசுலதான் போகுது. வாடகை நின்னா இடிச்சிடுவாங்க. உள்ள இப்போ குஞ்சு இருக்கும்மா."

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. மாட்டுக்கு ஊசி போடுகிற கை, தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தது.

நகல் கோப்பையும், அன்று காலை தட்டில் விழுந்த புதுக் கடிதத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் வாசிக்க உட்கார்ந்தோம். வாசிக்க என்றால், நான் வாசிக்க, அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்க.

முதல் வருடக் கடிதங்களில் ஆந்தை ஆந்தையாக இருந்தது. 'நேற்று இரண்டு எலி. பொழுது சாய்ந்து கால் மணி நேரத்தில் கிளம்பியது. காற்று அதிகம், சீக்கிரம் திரும்பிவிட்டது.' அதற்குப் பிறகு ஆந்தைக்கு என்னமோ ஆகிவிட்டது.

"'ஞாயிற்றுக்கிழமை அது வெளியே போவதில்லை. மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. ஞாயிறு ரொம்ப நீளம். திங்கட்கிழமை காலை சத்தங்கள் ஆரம்பித்ததும்தான் அதற்கு உயிர் வருகிறது.'" நான் நிமிர்ந்தேன். "அத்தை, ஞாயித்துக்கிழமை லீவு எடுக்கிற ஆந்தையை நான் இப்பதான் கேள்விப்படறேன். அடுத்த மாசம் போனஸ் கேக்கும் பாருங்க."

"மேல படிங்க."

"'எதிர்க் கட்டிடத்து நாலாவது மாடி ஜன்னலில் ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருக்கிறார். ஆந்தை அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அவருக்கும் பேச ஆள் இல்லை போலிருக்கிறது.'"

அத்தை கண்ணைத் திறந்தார். "ஆந்தை மனுஷனைப் பாக்காது மாப்பிள்ளை. எலியைத்தான் பாக்கும்."

போன மாதக் கடிதத்தில் ஆந்தைக்கு உடம்பு சரியில்லை. புதுக் கடிதத்தில் இன்னும் மோசம். 'இரை இறங்கவில்லை. அடுத்த மாதம் எழுத ஒன்றும் இருக்காது என்று தோன்றுகிறது. மன்னிக்கவும்.'

"நோட்டீஸைப் பாத்துட்டு ஆந்தையை இயற்கை மரணம் அடைய வெக்கறாங்க. திறக்கும்போது காலியா இருந்தா சந்தேகம் வராதில்ல" என்றேன்.

"அது சரி. காகிதத்தை இப்படிக் குடுங்க." அத்தை அதை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு மடிப்பின்மேல் விரலை ஓட்டினார். "தொட்டுப் பாருங்க."

தொட்டேன். கத்தி விளிம்பு போல இருந்தது. ஓரத்தில் லேசான பழுப்பு.

"கையால மடிச்சா இப்படி வருமா? கடைசியா உங்க பேன்ட்டுல இப்படி ஒரு மடிப்பு எப்ப இருந்துச்சு?"

"கல்யாணத்தன்னிக்கு."

கீழே கண்ணாடிக் கடையில் யாரோ 'ஈ, எஃப், பி' என்று எழுத்துக்களை வாசிப்பது கேட்டது.

"அதுவும் வாடகை பேன்ட்டுதான்" என்று சேர்த்துக்கொண்டேன். அத்தை சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்தார்.

"ஏழாம் கூண்டு எங்க இருக்குன்னு டாக்டர் சொன்னார்?"

"சலவை நிலையத்துப் பின்னாடி. பழைய புகைபோக்கி மேல."

"உங்க கோட்டை எடுத்துக்குங்க. துவைக்கப் போடலாம்."

வண்டியில் போகும்போது அத்தை தபால் அட்டையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ரெண்டு விஷயம் இடிக்குது. ஒண்ணு, புகார் எழுதறவன் காசைத் திருப்பிக் கேப்பான், இல்ல நடவடிக்கை எடுன்னுவான். இவர் ஆளைக் கண்டுபிடின்னு மட்டும் கேக்கறார். ரெண்டாவது, தேதி. முதல் செவ்வாய்க்கிழமைன்னு எப்படித் தெரியும்?"

"அன்னிக்குத்தான் காலியாச்சுன்னா, அன்னிக்குத்தான் தெரியும்."

"காலியாப் போறதுக்குத் தேதி கிடையாது மாப்பிள்ளை. இன்னிக்கு வரல, நாளைக்கு வரும்னு இருப்போம். பத்து நாள் கழிச்சு ஒரு நாள், அட, வரவே இல்லையேன்னு தோணும். செத்ததுக்குத்தான் தேதி. அட்டை எழுதினவர் அந்த ஆந்தை சாகறதைப் பாத்திருக்கார்."

அவருடைய மகள் பெட்டியோடு போன தேதி எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு எத்தனை நாள் முன்னாலேயே போய்விட்டாள் என்பதுதான் இன்று வரைக்கும் தெரியாது. அத்தை சொன்னது சரிதான்.

சலவை நிலையம் ஆவியில் வெந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிப் போர்வைகள் மூட்டை மூட்டையாகத் தள்ளுவண்டிகளில் நின்றன. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய துணித்துண்டு ஊசியால் குத்தியிருந்தது. "கஞ்சியக்கா, இன்னும் ரெண்டு மூட்டை!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"வெச்சிட்டுப் போ. எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?" என்றார் இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நின்றவர். ஐம்பது வயது இருக்கும். மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்புகள். காலருக்குக் கஞ்சி போடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லையாம், அதனால் அந்தப் பெயர். என் கோட்டை வாங்கி விரித்தார். விரித்த கையோடு முகத்தைச் சுளித்தார்.

"தம்பி, இதைப் போட்டுக்கிட்டா தூங்கினீங்க?"

"தூங்கல அக்கா. வாழ்ந்தேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அத்தை கடிதத்தை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தார். "இதையும் இஸ்திரி போடணும்மா. ஏற்கனவே போட்டதுதான். ஆறிப்போச்சு."

கஞ்சியக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கையைத் துடைத்தார். பிறகு இன்னொரு தடவை துடைத்தார்.

"டாக்டர் அனுப்பினாரா?"

"ஆமா."

"தெரியும். என்னைக்காவது யாராவது வருவாங்கன்னு தெரியும்." எங்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பாய்லர் அறைப் படியில் உட்கார்ந்தோம். எதிரே செங்கல் புகைபோக்கி, அதன் தோளில் மரக்கூண்டு, வெள்ளை பெயின்ட்டில் 7.

"அந்த கேஷியர் சட்டைக்குக் கஞ்சி பத்தலன்னு சண்டை போடவே வருவார். மாத்தலாகிப் போறப்ப எழுதற காகிதக் கட்டைக் கொண்டாந்து குடுத்தார். டாக்டர் வேற ஆள் போடற வரைக்கும் ஒரு மாசம் எழுதுங்கக்கா, கூண்டு உங்க கொல்லைப்பக்கம்தானே இருக்குன்னார். அந்த ஒரு மாசம் இன்னும் முடியல."

"முதல் வருஷம் எழுதினது நெஜம்" என்றார் அத்தை.

"சத்தியமா நெஜம். பொழுது சாய இந்தப் படில உட்கார்ந்து பாப்பேன். சத்தமே இல்லாம கிளம்பும்மா அது. துணி உதறினா ஒரு சத்தம் வருமில்ல, அதுகூட வராது. அப்புறம் ஒரு நாள் வரல. சரி, நாளைக்கு வரும்னு எழுதினேன். மறு மாசமும் வரும்னுதான் எழுதினேன். கட்டறவர் ஆசையாக் கடுதாசியைப் பிரிச்சு 'ஆந்தை வரல'ன்னா படிக்கணும்? மனசு வரலம்மா. அப்புறம் பழகிப்போச்சு."

"வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நானும் ஃபேனும்." கஞ்சியக்கா புகைபோக்கியைப் பார்த்தபடியே சொன்னார். "வேலை நாள்ல தெரியாது. ஞாயித்துக்கிழமை ஃபேன் சத்தம் மட்டும்தான். அன்னிக்கு உட்கார்ந்து எழுதுவேன். ஆந்தை என்ன செய்யும்னு யோசிச்சா ஒண்ணும் தோணாது. நான் என்ன செஞ்சேனோ அதை எழுதிடுவேன்."

"கடுதாசியை ஏன் இஸ்திரி போடறீங்க?" என்று கேட்டேன்.

"சுருங்கின காகிதத்தை ஒருத்தருக்கு அனுப்பலாமா தம்பி?" என்று திருப்பிக் கேட்டார்.

ஏழாம் கூண்டைத் தத்தெடுத்த பத்துப் பேரில் ஒன்பது பேர் காசு கட்டுவதோடு சரி. நாற்பத்தொன்று என்ற எண் மட்டும் மாதாமாதம் கட்டணச் சீட்டின் பின்பக்கம் இரண்டு வரி எழுதி அனுப்புமாம். டாக்டர் அதைத் தட்டில் போட்டுவிடுவார். கஞ்சியக்கா போய் ஒரு பழைய சட்டை அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே சீட்டுகள், ஒன்றுகூட விடாமல், எல்லாம் இஸ்திரி போட்டு.

'மழையில் ஆந்தைக்கு ஜலதோஷம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளவும்.' 'எனக்கும் ஞாயிறு நீளம்தான் என்று ஆந்தையிடம் சொல்லவும்.' 'இந்த மாதம் கடிதம் ஒரு பக்கம்தான் வந்தது. எழுதுகிறவருக்கு உடம்பு சரியில்லையா?'

"மூணு வருஷத்துல எனக்கு உடம்பு சரியில்லையான்னு கேட்டது அவர் ஒருத்தர்தான்" என்றார் கஞ்சியக்கா.

அத்தை ஒரு சீட்டின் வலது மூலையில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். பென்சிலால் சாய்வாக ஒரு கோடு, அதன் அடியில் ஒரு புள்ளி. அடுத்த சீட்டிலும் அதே கோடு, அதே புள்ளி. எல்லாவற்றிலும் இருந்தது. கைப்பையை லேசாகத் திறந்து தபால் அட்டையின் மூலையை எனக்கு மட்டும் காட்டினார். அங்கேயும் அதேதான்.

இந்தப் பொம்பளை உயிரை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறது, போட்டுக் கொடுத்தது அதே நாற்பத்தொன்று!

"என் பேரைக் கூட்டத்துல சொல்லிக்கட்டும், பரவாயில்ல" என்றார் கஞ்சியக்கா. "தப்பு பண்ணினேன், ஒத்துக்கறேன். நாப்பத்தொண்ணுக்கு மட்டும் நான் யாருன்னு தெரிய வேணாம்மா. அவர் நம்பிட்டு இருக்கார்."

அத்தை எழுந்து அண்ணாந்து பார்த்தார். எதிர்க் கட்டிடத்தின் பின்சுவர் முழுக்கக் குழாய்களும் குளியலறைத் துவாரங்களும் மாடிப்படித் துவாரங்களும்தான். புகைபோக்கியைப் பார்த்த மாதிரி ஒரே ஒரு ஜன்னல், நாலாவது மாடியில். அதில் ஒரு நாற்காலி, நாற்காலியில் ஒருவர்.

"அவர் எப்பவும் அங்கதான் இருப்பாரா?"

"எப்பவும்தான். அந்த நாற்காலி காலியா இருந்து நான் பாத்ததே இல்ல."

தெருவுக்கு வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். "நம்ப வெச்சுக் கழுத்தை அறுக்கறதுன்னா இதான் அத்தை! சீட்டுல தேன் ஒழுக எழுதிட்டு, அந்தப் பக்கம் டாக்டருக்கு மொட்டைக் கடுதாசி!"

"கோபத்தை அப்புறம் வெச்சுக்கலாம். அந்தப் பென்சில் கோட்டை எங்க பாத்திருக்கீங்க, அதைச் சொல்லுங்க."

யோசித்தேன். "ரயில்ல. டிக்கெட்டை வாங்கிப் பாத்துட்டு மூலைல ஒரு கிறுக்கு கிறுக்குவாங்க."

"பாத்தாச்சுன்னு அர்த்தம். வேலையை விட்டாலும் கை விடாது. வாங்க, மாடி ஏறணும்."

லிஃப்ட் ரிப்பேர். நாலு மாடிக்கும் அத்தை ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான் ஆறு தடவை நின்றேன். கதவைத் திறந்தவர் அறுபதைத் தாண்டியவர். எங்கும் போக வேண்டியிராத மனிதர், சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார். அத்தை வணக்கம் சொல்லவில்லை, நாங்கள் யார் என்று சொல்லவில்லை. தபால் அட்டையை அவர் முன் நீட்டினார்.

அவர் அதை வாங்கினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ப் பென்சிலை எடுத்துவிட்டது. மூலைக்கு வந்த பிறகுதான் கோடு ஏற்கனவே இருப்பது அவர் கண்ணில் பட்டது.

"அடடா" என்றார். பிறகு கதவை அகலமாகத் திறந்துவிட்டார். "உள்ள வாங்க. எத்தனை நாள்ல வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

அறையில் உட்கார ஜன்னலோர நாற்காலி மட்டும்தான். அத்தையை அதில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றார். நானும் நின்றேன். கடிதங்கள் ஒரு கம்பியில் மாத வரிசையில் குத்தியிருந்தன. ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"ஆந்தை எப்படிச் செத்துச்சு?" என்றார் அத்தை.

"இந்தக் கண்ணாடிலதான் மோதிச்சு. விடியக்காலம். எடுத்து மடில வெச்சுக்கிட்டேன். கொஞ்ச நேரம்தான் இருந்துச்சு. நானே புதைச்சேன். டாக்டருக்குச் சொல்லணும்னு சட்டை மாட்டறேன், தபால் வருது. 'ஆந்தை சௌக்கியம்'னு."

"கோபம் வரலையா?"

"முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் இல்லாதவங்களை நடு வழில இறக்கி விட்டவன் நான். கர்ப்பிணின்னு பாக்கல, கெழவன்னு பாக்கல. இதை மட்டும் இறக்கி விட முடியல." அவர் கம்பியிலிருந்து ஒரு கடிதத்தை உருவினார். எந்தக் கடிதம் என்று எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. "ஆந்தை என்னைப் பாத்துக்கிட்டே இருக்குன்னு எழுதியிருந்துச்சு. செத்த ஆந்தை எப்படிம்மா பாக்கும்? யாரோ ஒரு மனுஷங்க பாத்திருக்காங்க. இந்த ஜன்னல்ல ஒருத்தன் இருக்கான்னு பாத்திருக்காங்க. எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்டேன். "அப்புறம் எதுக்கு சார் மொட்டைக் கடுதாசி?"

"ஆந்தைக்கு உடம்பு சரியில்லன்னு ஆரம்பிச்சாங்க பாருங்க, எனக்குப் பதறிடுச்சு. சாகடிக்கப் போறாங்கன்னு புரிஞ்சுது. செத்துட்டா டாக்டர் என்னை எட்டாம் நம்பருக்கு மாத்திடுவார். எட்டாம் நம்பர் கடிதம் என் பழைய சிநேகிதனுக்கு வருது, பாத்திருக்கேன். 'எலி மூன்று. நன்றி.' அவ்வளவுதான்! ஆள் யாருன்னு தெரியாம இதை எப்படி விடறது? டாக்டர் பேர் சொல்ல மாட்டார். இந்த ஜன்னல் தெரியறது சலவைக்கடை கொல்லைலேர்ந்து மட்டும்தான். நான் போய் அங்க நாப்பது பேர்கிட்ட, பொய் எழுதினது நீங்களான்னு கேட்டா யார் ஆமாம்பாங்க?"

"அதனால புகார் குடுத்து, டாக்டரைப் பயப்படுத்தி, அவர் செலவுல எங்களை வேலைக்கு வெச்சீங்க" என்றார் அத்தை.

"அட மனுஷா!" எனக்கு வாய் பொறுக்கவில்லை. "துப்பறியற ஆள் வேணும்னா நீங்களே நேரா வந்திருக்கலாமே?"

"பென்ஷன்ல கட்டுப்படியாகாது தம்பி." சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். "யாருன்னு சொல்லுங்களேன்."

"சொல்ல மாட்டேன். அவங்க வேணாம்னுட்டாங்க. ஆனா நாளன்னிக்கு டாக்டர் மேடைல அந்தப் பேரைச் சொல்லுவார். ஊரே கேக்கும். உங்க அட்டையால."

அவர் முகம் வெளுத்தது. இந்த ஒரு விஷயத்தை அவர் யோசிக்கவே இல்லை. பென்சில் கையிலிருந்து விழுந்து உருண்டது. நான் எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"நான் ஏமாத்தறாங்கன்னு சொல்லலையேம்மா. ஆளைத்தானே கேட்டேன்."

"ஏமாத்துன்னா ஏமாந்தவன்னு ஒருத்தன் வேணும்" என்றார் அத்தை மெதுவாக. இருபத்தெட்டு வருட இன்சூரன்ஸ் மூளை. "மத்த ஒன்பது பேர் புகார் சொல்லல. நீங்க ஏமாந்தீங்களா?"

அவர் அத்தையைப் பார்த்தார். பென்சிலை வாங்கிக்கொண்டார். சுவரில் அட்டையை வைத்து, மிச்சம் இருந்த இடத்தில் எழுதினார். 'ஏழாம் எண் காலி என்று முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தேதான் கட்டினேன். இனியும் கட்டுவேன். கூண்டு காலியாக இருந்தால்தானே இன்னொன்று வந்து சேரும். புகார் வாபஸ். எண் 41.' மூலையில் ஒரு கோடு, ஒரு புள்ளி.

வண்டியிலிருந்தே அத்தை டாக்டருக்குப் போன் செய்து அதை வாசித்துக் காட்டி, ஆந்தை செத்த விவரத்தையும் சொன்னார். அந்தப் பக்கம் வெகுநேரம் மாடு கத்துவதுதான் கேட்டது. பிறகு டாக்டர் சொன்னார். "கூண்டு காலி, ஆந்தை இறந்துடுச்சு, எழுதினவங்களுக்குத் தெரியாது, நான் கவனிக்காம விட்டது என் தப்புன்னு சொல்லிடறேன். பேர் எதுக்கும்மா? அந்த ஒன்பது பேருக்கும் நானே போய்ச் சொல்றேன். வேணாம்னா காசைத் திருப்பிக் குடுத்துடறேன்."

போனை வைத்தபின் அத்தை வண்டியைக் கிளப்பச் சொல்லவில்லை.

"அவகிட்டருந்து ஏதாவது வந்துச்சா?" என்றார். மகளைப் பற்றி அவர் என்னிடம் கேட்பது வருடத்துக்கு ஒரு தடவை நடக்கும்.

"இல்ல. உங்களுக்கு?"

"இல்ல."

அவ்வளவுதான் பேசினோம். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சலவை நிலையத்தில் கடை மூட இருபது நிமிடம் இருந்தது. பாய்லரை நிறுத்திவிட்டார்கள். கஞ்சியக்கா என் கோட்டை முடித்து மாட்டியிருந்தார். அது என் கோட்டுதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

"பேர் வெளில வராது. டாக்டர் ஒத்துக்கிட்டார்" என்றார் அத்தை.

கஞ்சியக்கா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு கேட்டார். "நாப்பத்தொண்ணு?"

"அவருக்கு முதல் நாள்லேர்ந்தே தெரியும்மா. அந்த ஆந்தை அவர் மடிலதான் செத்துச்சு. அவரே புதைச்சார்."

கஞ்சியக்கா அசையவில்லை. இரண்டு வருடக் கடிதங்களும் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் ஓடுவதை நான் பார்த்தேன். மழை, ஜலதோஷம், நீளமான ஞாயிறு.

"தெரிஞ்சுமா எனக்குப் பதில் போட்டார்?"

"தெரிஞ்சுதான்."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. இஸ்திரிப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். ஒயரைச் சுற்றி வைத்தார். "எங்க புதைச்சார்னு கேட்டீங்களா?"

"கேக்கல. அது நீங்க கேக்க வேண்டியது" என்றார் அத்தை. "எதிர்க் கட்டிடம், நாலாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யல."

"நாலாவது மாடியா?" கஞ்சியக்கா பின்பக்கக் கதவுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, சீட்டுகள் இருந்த அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்களிடம் சொல்லிக்கொள்ளாமலே தெருவைக் கடந்தார். அவர் படியேறுவது ஒவ்வொரு மாடிப்படித் துவாரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. மூன்றாவது மாடியில் நின்றார். திரும்பிவிடுவாரோ என்று எனக்குப் பக்கென்றது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவர் ஏறினார்.

மேலே ஜன்னலில் இருந்தவர் தலையைத் திருப்பினார். கதவு தட்டுகிற சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் எழுந்து உள்ளே போனார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நானும் அத்தையும் பாய்லர் அறைப் படியில் உட்கார்ந்து, காலியாக இருந்த அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.